இருமுனை மனச்சோர்வுக்கு ஒளி சிகிச்சை: நண்பகலில், படிப்படியாக

குளிர்காலச் சோர்வுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, காலையில் எழுந்ததும் 10,000 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு), 30 நிமிடம். பைபோலார் (சோர்வும் மிகையான மனவெழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய்) உள்ளவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், காலை ஒளி பெற்ற நான்கு பெண்களில் மூவருக்குச் சோர்வும் மனவெழுச்சியும் கலந்த நிலை வந்தது. நண்பகலுக்கு மாற்றிப் பார்த்ததில் நிலைமை மேம்பட்டது. பிறகு 46 பேரிடம் ஆறு வாரம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், நண்பகலில் 7,000 லக்ஸ் பெற்றவர்களில் சுமார் 68 சதவீதம் பேர் சோர்விலிருந்து மீண்டார்கள். ஒப்பீட்டுக்காக மங்கிய சிவப்பு ஒளி பெற்றவர்களில் 22 சதவீதம் பேர்தான். அதில் யாருக்கும் மேனியா, அதாவது மிகையான மனவெழுச்சி, வரவில்லை. கீழே உள்ள அட்டவணை அந்த ஆய்வின் முறையைத் தழுவியது.

விளக்கு வாங்கும் முன் இரண்டு வேலைகள். முதலாவது, மேனியாவைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்: லித்தியம், வால்ப்ரோயேட் போன்றவை. லாமோட்ரிஜின் மட்டும் எடுப்பவர்கள் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்; சோர்வுப் பக்கம் அது உதவுமளவுக்கு மேனியாப் பக்கம் காக்காது. இப்போதே மேனியாவிலோ கலப்பு நிலையிலோ இருந்தால் விளக்கே வேண்டாம். இரண்டாவது, கண். விழித்திரை நோய், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), நீரிழிவால் வந்த கண் பாதிப்பு இருந்தால் கண் மருத்துவர் சம்மதிக்காமல் தொடங்க வேண்டாம். டாக்சிசைக்ளின், குளோர்ப்ரோமசின், அமியோடரோன் போன்ற மருந்துகள் ஒளிக்கு உணர்திறனைக் கூட்டும். லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களும் கவனிக்க வேண்டும்.

விளக்கு வெள்ளை ஒளி தருவதாகவும் புற ஊதாக் கதிரை வடிகட்டுவதாகவும் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் "10,000 லக்ஸ்" எந்தத் தூரத்தில் என்பதைப் பாருங்கள். சில சிறிய விளக்குகள் 15 செ.மீ. தள்ளி வைத்தால்தான் அந்த அளவைத் தரும். சாப்பாட்டு மேசைத் தூரத்துக்கு வந்ததும் ஒளி பல மடங்கு குறைந்துவிடும். பலன் இல்லை என்று கைவிடுபவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் தூரத்தில்தான் தவறியிருக்கிறார்கள். 30 முதல் 60 செ.மீ. தூரத்தில் குறித்த அளவைத் தரும் பெரிய விளக்கே உட்கார வசதி.

விளக்கைக் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, சிறிது பக்கவாட்டில் வையுங்கள். ஒளி தோல் வழியாக வேலை செய்யாது. கண் திறந்திருக்க வேண்டும், கறுப்புக் கண்ணாடி கூடாது. விளக்கையே உற்றுப் பார்க்கத் தேவையில்லை, படிக்கலாம், சாப்பிடலாம்.

நேரம்: நண்பகல் 12-க்கும் 2.30-க்கும் இடையில், தினமும் ஒரே நேரத்தில்.

முதல் வாரம்: 15 நிமிடம்.
இரண்டாம் வாரம்: 30 நிமிடம்.
மூன்றாம் வாரம்: 45 நிமிடம்.
நான்காம் வாரம் முதல்: 60 நிமிடம்.

60 நிமிடத்தை எட்டும் முன்பே நன்றாகிவிட்டால், அந்த நிமிட அளவிலேயே தொடரலாம். தலைவலி, கண் எரிச்சல், குமட்டல் வந்தால் ஒரு படி இறங்குங்கள், அல்லது விளக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பெரும்பாலும் சில நாளில் அடங்கும். தவறவிட்ட நாளை மறுநாள் இரட்டிப்பாக ஈடுகட்டாதீர்கள். மாலையில் உட்கார்ந்து ஈடுகட்டுவது இன்னும் மோசம், தூக்கம் போய்விடும்.

தினமும் மூன்றைக் குறித்து வையுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மனநிலை பத்துக்கு எத்தனை, எரிச்சல் உண்டா. குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல் இருப்பது முதல் எச்சரிக்கை. பேச்சு வேகமெடுப்பது, எண்ணங்கள் ஓடுவது, தேவையில்லாத செலவு, சின்ன விஷயத்துக்குக் கொதிப்பது ஆகியவை அடுத்தடுத்து வரும். இவற்றில் ஒன்று கண்டாலும் விளக்கு நேரத்தைக் குறைப்பதோடு நிற்காமல், அன்றே முழுதாக நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். சோர்வு அகலும் உற்சாகத்தை மேனியாவின் தொடக்கத்திலிருந்து உள்ளிருந்து பிரித்தறிவது கடினம். எனவே வீட்டில் ஒருவரிடம் இந்த அறிகுறிகளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் விளக்கின் பலனுக்காகக் காத்திருக்கவே கூடாது, உடனடி அவசர உதவி தேவை.

பலன் தெளிவாகத் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஆறு வாரத்தில் எதுவும் அசையவில்லை என்றால், நேரத்தையோ அளவையோ நீங்களாக மாற்றாமல், குறிப்பேட்டுடன் மருத்துவரைப் பாருங்கள். நன்றாகிவிட்டது என்று மாத்திரையைக் குறைக்கும் முடிவையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.