செக்யூரிட்டி வேலைக்குப் புதிதா? முதலில் கொப்பி எழுதப் பழகுங்கள்

யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதி நகைக்கடை வாசலிலோ, திருநெல்வேலிப் பக்கம் சுப்பர் மார்க்கெட் கேற்றிலோ செக்யூரிட்டியாக நிற்கப்போகும் தம்பி, தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் அநேகமாகக் கேட்பது, "கள்ளன் வந்தால் மடக்கிப் பிடிக்க எனக்குப் பலம் காணுமா அண்ணை?" என்றுதான். பதினொரு வருசம் நின்றதில் பலம் தேவைப்பட்ட இரவுகள் எனக்கு மிகக் குறைவு. கண்ணும் பேனையும் தேவைப்படாத இரவு ஒன்றுகூட இல்லை.

1. சேர முதல்

இலங்கையில் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. நியமனக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) என்று உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டினால் முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க அவருடைய பொறுப்பு; அதை உங்களிடம் வெட்ட முடியாது.

2. கடமை பொறுப்பெடுக்கும்போது

முந்தைய சிப்ட்காரர் "எல்லாம் ஓகே" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறுவார். விடாதீர்கள். இரண்டு பேருமாகச் சாவிகளை எண்ணுங்கள், பூட்டுகளை இழுத்துப் பாருங்கள், டோர்ச்சை அடித்துப் பாருங்கள். அப்புறம் எல்லாரும் மறக்கிற ஒன்று: சிசிடிவி திரையில் ஓடும் நேரத்தை உங்கள் போனோடு ஒப்பிடுங்கள். கமரா 7 நிமிடம் பிந்தி ஓடினால் அதைக் கடமைக் கொப்பியில், அதாவது சிப்ட்டில் நடப்பதையெல்லாம் எழுதும் கொப்பியில், எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு நீங்கள் எழுதிய நேரமும் கமரா காட்டும் நேரமும் பொருந்தாது. அப்போது சந்தேகம் உங்கள் மேல்தான் திரும்பும்.

3. கொப்பி எழுதுவது

இதைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள். புதிதாக வந்தவர் எழுதுவது இப்படி இருக்கும்: "இரவு சந்தேகமான ஒருவன் வந்தான்." இதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"02.40. பின் கேற். சுமார் 30 வயது ஆண், நீலச் சாரம், வெள்ளை ரீசேட். பூட்டை இரண்டு தரம் இழுத்தார். டோர்ச் அடித்ததும் ஆரியகுளம் பக்கம் நடந்து போனார். 02.45 மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தேன்."

'சந்தேகமான' என்ற சொல்லே இதில் இல்லை, கவனித்தீர்களா? கண்டது மட்டும் இருக்கிறது. இன்னொருவர் சொல்லிக் கேட்டதாக இருந்தால், யார் சொன்னது என்று சேர்த்து எழுதுங்கள். நடந்த உடனே எழுதுங்கள். விடியப் பார்ப்போம் என்று விட்டால் மோட்டார் சைக்கிள் இலக்கத்தில் 6 எப்படியோ 8 ஆகிவிடும். பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் கையொப்பம் வையுங்கள். ரிப்பெக்ஸ் (எழுத்தை அழிக்கும் வெள்ளை மை) பூசக் கூடாது, தாள் கிழிக்கக் கூடாது, பிறகு நிரப்பலாம் என்று இடம் விடவும் கூடாது. வழக்கு என்று வந்து நீதவான் முன்னால் நின்றால் சட்டத்தரணி முதலில் தேடுவது இந்த மூன்றையும்தான். கார்த்திகை மழைக்கு மை கரையாத போல்பொயின்ற் பேனையும் கொப்பியைச் சுற்ற ஒரு பொலித்தீன் பையும் வைத்திருங்கள்.

4. களவு என்று தோன்றினால்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த முதல் வருசம், ஒரு கடையில் நின்றேன். பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் பையோடு வெளியே போனான். உள்ளே நின்ற ஒருவர் "பால்மா எடுத்துவிட்டான்" என்றார். நான் ஒன்றும் காணவில்லை. ஆனாலும் கையைப் பிடித்து நிறுத்தி, சனத்துக்கு முன்னால் பையைக் கொட்டினேன். பால்மாவோடு பக்கத்துக் கடைப் பில்லும் விழுந்தது. அவன் அழுதுகொண்டே புத்தகங்களைப் பொறுக்கினான். அடுத்த நாள் தாயார் வந்து என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என்னோடு இருக்கிறது.

சட்டம் இதில் தெளிவு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35 ஆம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைத் தன் கண்முன் செய்கிறவரைப் பொதுமகன் ஒருவரும் பிடிக்கலாம். பிடித்தால் தாமதிக்காமல் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்க, பூட்டி வைத்து விசாரிக்க, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்க நமக்கு அதிகாரம் இல்லை. சீருடை அந்த அதிகாரத்தைத் தராது. ஆகவே நீங்களே கண்டீர்களா என்று முதலில் உங்களைக் கேளுங்கள். காணவில்லை என்றால் "தம்பி, பில்லை ஒருக்கால் காட்டுவீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பதோடு நில்லுங்கள். கண்டிருந்தால் மேலாளரைக் கூப்பிட்டு, பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள். யாருக்காவது காயம் என்றால் முதலில் அம்புலன்சுக்கு 1990.

5. கமராப் படம்

வாட்ஸ்அப் குழுவில் "இவரைத் தெரியுமா?" என்று போடாதீர்கள். யாழ்ப்பாணம் சின்ன ஊர். ஆள் பிழையாகிவிட்டால் ஒரு குடும்பமே தலைகுனியும். படத்தைப் பொலிஸ் கேட்டால் முகாமையாளர் மூலம் கொடுங்கள். யாருக்கு, எப்போது கொடுத்தது என்பதும் கொப்பியில் ஏற வேண்டும்.

6. "மாப்பிள்ளையை விசாரித்துத் தாங்கோ"

கொஞ்சக் காலம் நின்றால் இதுவும் வரும். கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ ஒரு தகப்பன் பேசுவார், காசும் நல்லாய்த் தருவார். மகளைப் பற்றிய பயம் நியாயமானது, அதனால்தான் மறுக்கக் கஷ்டமாக இருக்கும். பெடியன் சொன்ன இடத்தில் வேலை செய்கிறாரா என்று, யாருக்காகக் கேட்கிறீர்கள் என்பதை மறைக்காமல் நேரே போய்க் கேட்கலாம். போன் அழைப்புப் பட்டியல் எடுப்பது, வங்கிக் கணக்குப் பார்ப்பது, பொலிஸ் போலப் பேசுவது, வளவுக்குள் எட்டிப் பார்ப்பது எதற்கும் சம்மதிக்காதீர்கள். "தெரிந்த ஆள் மூலம் எடுத்துத் தருவேன்" என்று யாராவது சொன்னால் அவரோடு சேராதீர்கள். பிடிபடும்போது உங்கள் பெயரும் சேர்ந்துதான் வரும். அந்தத் தகப்பனிடம், என்ன விசாரிக்க வேண்டும் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.