பவுன்சரா, ஆக்டிவிட்டி சென்டரா: கைக்குழந்தைக்கான இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் முறை

கைக்குழந்தையுடன் பகலில் தனியாக இருக்கும் தாய்க்கோ பாட்டிக்கோ, பொங்கும் பாலை இறக்கவும், ஈரத்துணியைக் கொடியில் போடவும், ஒரு வாய் சோறு உண்ணவும் பத்து நிமிடம் இரண்டு கைகளும் தேவைப்படுகின்றன. பவுன்சர் என்னும் சாய்வு இருக்கையும், நடுவில் குழந்தையை உட்கார வைத்துச் சுற்றிலும் பொம்மைகள் பொருத்தப்பட்ட ஆக்டிவிட்டி சென்டரும் அந்தப் பத்து நிமிடத்துக்கு உதவும் பொருள்கள். மூளை வளர்ச்சிக்கு உதவும், சீக்கிரம் நடக்க வைக்கும் என்றெல்லாம் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கினால், நல்லது என்று எண்ணியே குழந்தையை மணிக்கணக்கில் அதில் இருத்தி விடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை ஒரே தடவையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசைய முடியாதபடி கட்டி வைக்கக் கூடாது என்றும், தவழத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும்போது நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுத்து விளையாட வேண்டும் என்றும் சொல்கிறது. குழந்தையின் கழுத்தும் தோளும் முதுகும் வலுப்பெறுவது தரையில் விரித்த பாயில்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

முதலில், உங்கள் குழந்தை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தலை இன்னும் நிற்காத குழந்தைக்குப் பவுன்சர் மட்டுமே பொருந்தும். அதையும், குழந்தை துணையின்றி உட்கார முயலும் நாள் வரை, பொதுவாக ஐந்து அல்லது ஆறு மாதம் வரை மட்டுமே பயன்படுத்தலாம். பெரும்பாலான பவுன்சர்களின் எடை வரம்பு 9 கிலோவை ஒட்டி இருந்தாலும், அந்த எடையை எட்டும் முன்பே குழந்தை வயிற்றை எக்கி எழும்பப் பார்க்கும். எடை வரம்பு, எழும்பும் முயற்சி இரண்டில் எது முந்துகிறதோ அதுவே பவுன்சரை நிறுத்த வேண்டிய நாள். ஆக்டிவிட்டி சென்டருக்குத் தலையும் கழுத்தும் உறுதியாக நிற்க வேண்டும். இது சில குழந்தைகளுக்கு நான்காம் மாதத்தில் வரும், சிலருக்கு ஆறு மாதம் ஆகும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியிலிருந்து மாதத்தை எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணுவதே சரி. உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

பவுன்சர் வாங்கும்போது அடிப்பகுதியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். என் தங்கை மகளுக்கு வாங்கிய ஒன்று, கடையின் கம்பள விரிப்பில் அசையாமல் இருந்தது. வீட்டு டைல்ஸ் தரையிலோ குழந்தை நாலு உதை உதைத்ததும் ஒரு சாண் தூரம் நகர்ந்து விட்டது. சட்டத்தின் நான்கு முனைகளிலும் ரப்பர் பிடிப்பு இருக்கிறதா, சட்டத்தின் அகலம் இருக்கையின் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இருக்கையின் தலைப்பகுதியையும் பக்கவாட்டையும் கையால் அழுத்தி, எதிர்ப்பக்கம் தரையை விட்டு எழும்புகிறதா என்று சோதியுங்கள். எழும்பினால் அதை எடுக்க வேண்டாம். இவ்வளவு உறுதியான இருக்கையையும் மேசை மேலோ சமையல் மேடை மேலோ வைக்கக் கூடாது, ஏனென்றால் துள்ளத் துள்ள அது விளிம்பை நோக்கி நகரும். கட்டிலும் சோபாவும் மெத்தென்று இருப்பதால் பாதுகாப்பானவை போலத் தோன்றினாலும், அங்கே இருக்கை கவிழ்ந்தால் குழந்தையின் முகம் மெத்தையில் புதைந்து மூச்சு அடைபடும். குழந்தை உள்ளே இருக்கும்போது பொம்மை தொங்கும் வளைவைக் கைப்பிடியாக எண்ணித் தூக்குவதும் ஆபத்து. அது எடை தாங்குவதற்காகப் பொருத்தப்பட்டதல்ல.

அடுத்து வார். இடுப்பை மட்டும் சுற்றும் வார் போதாது. கால்களுக்கு நடுவே வரும் பட்டையும் சேர்ந்த மூன்று முனை வார் குறைந்தபட்சம் வேண்டும், தோள்பட்டையும் உள்ள ஐந்து முனை வார் கிடைத்தால் நல்லது. கால் நடுவே பட்டை இல்லாவிட்டால் குழந்தை கீழ்நோக்கி வழுக்கி, இடுப்பு வார் கழுத்துக்கு வந்து விடக்கூடும். ஐந்து நிமிடம்தானே என்று வாரை மாட்டாமல் விடும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். மாட்டவும் கழற்றவும் எளிதான பக்கிளாகப் பார்த்து வாங்கினால் அந்தச் சோம்பல் வராது.

இருக்கையின் சாய்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பச்சிளம் குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது கனமானது, கழுத்தோ வலுவற்றது. சாய்வான இருக்கையில் அது தூங்கிப் போனால், தலை முன்னே கவிழ்ந்து மோவாய் மார்பில் படிய, மெல்லிய மூச்சுக்குழல் மடங்கிக் காற்று நின்று விடும். குழந்தை அழக்கூட முடியாது என்பதால் பக்கத்து அறையில் இருப்பவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் சாய்வான தூங்கு படுக்கைகளில் குழந்தைகள் இறந்த பிறகு, 2019 ஏப்ரலில் ஒரே வகைப் படுக்கையில் மட்டும் சுமார் 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. 2022 மே மாதம் அங்கே சட்டமான விதி, குழந்தை தூங்குவதற்கென்று விற்கும் எந்தப் பொருளும் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது என்கிறது. பவுன்சர்களின் சாய்வு இதைவிட அதிகம். ஆகவே பவுன்சரில் கண் செருகும் குழந்தையை, எழுந்து விடுமே என்று தயங்காமல் தூக்கிச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். வாங்கும்போது, சாய்வை மாற்றக் கூடியதாகவும், மிகத் தாழ்வான நிலையில் குழந்தையின் முதுகு வளையாமல் தாங்கக் கூடியதாகவும் பாருங்கள். பால் குடித்த உடனே அதில் கிடத்தினால் வயிறு மடங்கிப் பால் எதுக்களிக்கக் கூடும். தோளில் போட்டு ஏப்பம் வந்த பிறகு சிறிது நேரம் கழித்துக் கிடத்தலாம். பாட்டிலைத் துணியில் முட்டுக்கொடுத்துப் பவுன்சரிலேயே பால் புகட்டுவதை அறவே தவிர்க்க வேண்டும், புரையேறும்.

துணியைப் பற்றிக் கடைகளில் யாரும் பேசுவதில்லை, ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் அதுதான் பெரிய விஷயம். தடித்த பஞ்சு வைத்த பாலியஸ்டர் மெத்தை பார்க்க அழகாக இருந்தாலும், அரை மணி நேரத்தில் குழந்தையின் முதுகும் பிடரியும் நனைந்து வேர்க்குரு வந்து விடும். வலைத்துணியோ பருத்தி உறையோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். உறை முழுவதும் கழன்று வர வேண்டும்; கக்கிய பாலின் இனிப்புக்கு எறும்பு வரும் என்பதால் அடிக்கடி துவைக்க நேரிடும்.

ஆக்டிவிட்டி சென்டரில் பார்க்க வேண்டியது உயரமும் உட்காரும் நிலையும். குழந்தையை உள்ளே இறக்கியதும் இரண்டு பாதங்களும் தரையில் அல்லது அதன் அடித்தட்டில் சமமாகப் படிய வேண்டும். நுனிவிரலில் நின்றால் இருக்கை உயரம் என்று பொருள். நுனிவிரலில் நின்று பழகுவது நல்லதல்ல. குழந்தை வளர வளர உயர்த்திக்கொள்ள மூன்று நிலைகளாவது இருப்பது பயன்படும். தொடைகளைத் தாங்கும் அகலமான இருக்கையாக இருக்க வேண்டும். கவட்டில் ஒடுங்கிய பட்டையாக இருந்தால் கால்கள் நேராகத் தொங்கி இடுப்பு மூட்டுக்குச் சுமை ஏறும். தாய் இடுப்பில் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும்போது கால்கள் அகன்று, முழங்கால் சற்று மேலே மடங்கியிருக்கிறதே, மூட்டுக்கு உகந்த நிலை அதுதான். ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும்.

குழந்தை உட்கார்ந்து துள்ளுவதற்காகக் கதவு நிலையில் மாட்டித் தொங்கவிடும் இருக்கையான ஜம்பரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பிடிப்பான் கவ்வுவதற்கு நிலையின் மேல் வெளிநீட்டிய சட்டம் வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் நிலையும் பூச்சும் ஒரே மட்டமாக இருப்பதால் பிடிப்பு நம்பத் தகுந்ததாக அமையாது.

சக்கரம் வைத்த வாக்கரையும் ஆக்டிவிட்டி சென்டர் என்ற பெயரிலேயே சிலர் விற்கிறார்கள், கவனமாக இருங்கள். கனடா 2004 ஏப்ரலிலேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்து விட்டது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, 15 மாதத்துக்குட்பட்ட சுமார் 2,30,000 குழந்தைகள் வாக்கர் காயங்களுக்காக அவசரச் சிகிச்சைக்குக் கொண்டு வரப்பட்டனர் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது; அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. உட்கார்ந்தபடி ஓடும் வண்டி நடையைக் கற்றுத் தருவதும் இல்லை. நம் தச்சர்கள் செய்த மூன்று சக்கர நடைவண்டி வேறு வகை. எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தை பின்னால் நின்று, தன் கால்களில் தானே எடை தாங்கித் தள்ளுவது அது.

பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். பாட்டுப் பெட்டியின் பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழல் வெந்து புண்ணாகத் தொடங்கி விடும். ஒலியை உங்கள் காதருகே வைத்துக் கேளுங்கள். உங்களுக்கே உறுத்தினால் குழந்தைக்கு வேண்டாம்.

உறவில் ஒருவர் பயன்படுத்திக் கொடுத்ததை வாங்கிக்கொள்வதில் தவறில்லை, சில மாதங்களே பயன்படும் பொருளுக்கு அதுவே சிக்கனம். ஆனால் பக்கிள் இழுத்தால் கழலாமல் நிற்கிறதா, துணியின் தையல் பிரிந்திருக்கிறதா, சட்டத்தில் வெல்டிங் விட்டிருக்கிறதா, சுருள்வில்லின் மூடி கிழிந்து விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மாதிரியின் பெயரை இணையத்தில் தேடி, அது எங்காவது திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். பட்டை தொலைந்திருந்தால், வீட்டில் கிடக்கும் வேறு நாடாவைக் கட்டி ஒப்பேற்றாமல், அந்த இருக்கையை வேண்டாம் என்று சொல்லி விடுங்கள்.