கணக்கெடுப்புத் தேடலில் கிடைத்த பெயர்களை விரிதாளில் ஒழுங்குபடுத்துவது எப்படி?

பெரம்பூர், ராயபுரம், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில், ரயில்வே வேலைக்காக இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த ஒரு முன்னோரைப் பற்றிய பேச்சு அடிக்கடி அடிபடும். என் தாய்வழியில் அப்படி வந்தவர் ஸ்விண்டன் ஊர்க்காரர், ஃபிட்டர். இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவரைத் தேடும்போது நான் வகுத்துக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர்க் கணக்கெடுப்பிலேயே தேடலாமே என்று சிலர் கேட்பார்கள். 1871-லேயே சென்னை மாகாணத்தில் தலை எண்ணியிருக்கிறார்கள். ஆனால் இன்று நம் கைக்குக் கிடைப்பவை அச்சான அறிக்கைகளும் அட்டவணைகளும்தான். விடுதலைக்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் தனிநபர் விவரங்களை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் யாருக்கும் காட்டுவதில்லை. இங்கிலாந்திலோ 1841 முதல் 1921 வரையிலான படிவங்களில் வீடு வீடாகப் பெயரைத் தேடலாம். 1881-க்கான பட்டியல் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். தொடங்க அது போதும்.

தேடினால் ஒரே பெயரில் ஆட்கள் வரிசைகட்டி வருவார்கள். அந்த நேரத்தில் குடும்ப மர மென்பொருளைத் திறக்காதீர்கள். "இவர் யார்?" என்பதுதான் அது கேட்கும் முதல் கேள்வி. நமக்கோ அது இன்னும் தெரியாது. முதலில் படிவம் சொல்வதை அப்படியே எழுதிவைக்க வேண்டும். அவர் நம்மவரா என்ற முடிவு பிறகு. இதற்கு லிப்ரெஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள் போதும். இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும்.

ஆளுக்கு ஒரு வரிசை. நெடுவரிசைகள்: கணக்கெடுப்பு ஆண்டு, ஆவண எண் (1871 என்றால் ஆர்ஜி 10 என்று தொடங்கும்), தாள், பக்கம், வீட்டு எண், பெயர், குடும்பத் தலைவருக்கு உறவு, வயது, தொழில், பிறந்த ஊர். பெயரைப் படிவத்தில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதுங்கள். எலிசபெத் ஒரு கணக்கெடுப்பில் எலைசா, அடுத்ததில் பெட்ஸி என்று வருவாள். அதற்குப் 'பொதுப்பெயர்' என்று தனி நெடுவரிசை வையுங்கள். தேடிய ஒருவரை மட்டும் எடுக்காமல் வீட்டில் இருந்த எல்லோரையும் இறக்குங்கள். வாடகைக்குத் தங்கியிருந்தவர் மைத்துனராகவும் இருக்கலாம்.

இனி வருவதுதான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். தாள் 10, பக்கம் 12 என்பதை ஒரே கட்டத்தில் 10/12 என்று இட்டால், கால்க் அதை டிசம்பர் 10 போன்ற ஒரு தேதியாக ஆக்கிவிடும். பிறகு அதை உரையாக மாற்றினாலும் பழைய எண் திரும்பாது. சம்பந்தமில்லாத ஐந்திலக்க எண் வந்து நிற்கும். ஆவணத்துக்குத் திரும்பிப் போகும் வழியே அடைபட்டுவிடும். அதனால் தாளுக்கும் பக்கத்துக்கும் தனித்தனி நெடுவரிசை. தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது 'சிறப்பு ஒட்டு' வழியாக, வடிவமைப்பற்ற உரை என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து ஒரு சாளரம் திறக்கும். அதில் ஆவண எண் வரும் நெடுவரிசையின் தலையைச் சொடுக்கி, வகையை 'உரை' என்று மாற்றிய பிறகே சரி கொடுங்கள்.

பிறந்த ஆண்டுக்கு இரண்டு நெடுவரிசைகள் தேவை. 1871 கணக்கெடுப்பு ஏப்ரல் 2 இரவை வைத்து எடுத்தது. அன்று 24 வயது என்றால் 1846 ஏப்ரல் 3 முதல் 1847 ஏப்ரல் 2 வரை எந்த நாளிலும் பிறந்திருக்கலாம். ஆண்டிலிருந்து வயதைக் கழித்து ஒன்று, அதிலிருந்து ஒன்றைக் குறைத்து இன்னொன்று. 1841-ல் மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. 15-க்கு மேற்பட்ட வயதுகளை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி அப்போது சொல்லியிருந்தார்கள்.

கடைசி நெடுவரிசைகள் இரண்டும் உங்களுடையவை: முடிவு, காரணம். எனக்கு அதிகம் உதவியவை இவைதான். 1881 ஏப்ரல் 3 இரவு ஸ்விண்டனில் உறங்கியவர், அதே வாரம் பெரம்பூர் மாதா கோவிலில் தன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நின்றிருக்க முடியாது. அவரை 'இல்லை' என்று குறித்துக் காரணத்தை எழுதுங்கள், வரிசையை அழிக்காதீர்கள். அழித்தால் அடுத்த மாதம் அதே ஆள் மறுபடி தேடலில் வந்து, புதிதாகக் கிடைத்தவர் போலத் தோன்றுவார். சென்னை மாகாண ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கான ஃபிபிஸ் தளத்திலும் பெயர் தேடலாம், காசு வேண்டாம்.

'ஆம்' என்று உறுதியானவர்களை மட்டும் கிராம்ப்ஸ் என்ற குடும்ப மர மென்பொருளுக்குக் கொண்டுபோங்கள். அதுவும் இலவசம், எந்தத் தகவல் எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்பதை ஒவ்வொன்றோடும் கட்டிவைக்கும். நம் தரவு நம் கணினியிலேயே இருக்கும் என்பதால் கட்டணத் தளங்களின் மரங்களைவிட எனக்கு இதுவே பிடிக்கும்.

பிறகு சேர்த்தது: தமிழில் எழுதிய காரணங்கள் கோப்பைத் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிகின்றன என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை) கோப்பாகச் சேமித்திருந்தால், அதைத் திறக்கும்போது வரும் சாளரத்தில் எழுத்துக்குறி முறையை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் சரியாகிவிடும். குறிகளாகத் தெரியும் நிலையில் மட்டும் சேமித்துவிடாதீர்கள். மூடிவிட்டு மறுபடி திறங்கள்.