மென்னமிலம் என்றால் ஐதான அமிலம் அல்ல

திருகோணமலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு அமிலமும் மூலமும் (அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள்) படிப்பிக்கையில் வருடா வருடம் ஒரே கேள்வி வரும்: "சேர், செறிந்த அமிலத்தைத்தானே வன்னமிலம் எண்டு சொல்லுறது?"

இல்லை. செறிவு என்பது தண்ணீரில் நாங்கள் எவ்வளவு கரைத்தோம் என்பது. வன்மை அந்த அமிலத்தின் இயல்பு, அதாவது நீரில் அது எவ்வளவுக்கு அயன்களாக (மின்னேற்றமுள்ள துணிக்கைகளாக) பிரிகிறது என்பது. ஐதரோகுளோரிக் அமிலம் நீரில் ஏறக்குறைய முழுவதும் அயன்களாகப் பிரியும். வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலம் அப்படியல்ல, அது மென்னமிலம்; லீற்றருக்கு 0.1 மூல் கரைத்தால் நூறு மூலக்கூறில் ஒன்று சொச்சம்தான் பிரியும். அதே செறிவில் முதலாவதன் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 1, இரண்டாவதன் பிஎச் ஏறத்தாழ 2.9. ஐதரோகுளோரிக்கை நூறு மடங்கு ஐதாக்கினால் அதுவும் 3க்கு வந்துவிடும். ஆனாலும் அது வன்னமிலமேதான். (பிஎச் ஒரு படி கூடினால் ஐதரசன் அயன் பத்திலொன்றாகக் குறையும்; 1இலிருந்து 3 என்பது நூறு மடங்கு.)

இது விளங்கியதா என்று பார்க்க நான் கேட்பது: இரண்டிலும் சம செறிவில் 25 மில்லிலீற்றர் எடுத்தால், எதை நடுநிலையாக்கச் சோடியம் ஐதரொட்சைட்டு என்ற மூலம் கூடத் தேவை? அநேகமானோர் ஐதரோகுளோரிக் என்றே எழுதுவார்கள். விடை, சம அளவு. மூலம் ஐதரசன் அயன்களை எடுக்க எடுக்க, பிரியாமல் இருந்த அசற்றிக் மூலக்கூறுகளும் பிரிந்துகொண்டே வரும்.

அங்கேயே அடுத்த தவறும் இருக்கிறது. நடுநிலையாக்கல் முடிந்தால் பிஎச் 7 என்று பாடமாக்கி வைத்திருப்பார்கள். அசற்றிக் அமிலத்தோடு 8.7 அளவில் முடியும், ஏனெனில் உண்டாகும் சோடியம் அசற்றேற்று சற்று மூல இயல்புடையது. ஆகவே முடிவை நிறமாற்றத்தால் காட்டும் காட்டியாகப் பினோத்தலீன்தான் பொருத்தம். மெதைல் செம்மஞ்சள் வெகு முன்னரே நிறம் மாறி ஏமாற்றிவிடும்.

கடற்கரை ஊர்க்காரருக்கு இன்னொரு மயக்கம்: கிணற்றுத் தண்ணீர் உவர்த்தால் அது காரம் என்று நினைப்பது. கறியுப்பைத் தூய நீரில் கரைத்தால் நடுநிலைதான். கடல்நீரின் பிஎச் 8.1 அளவில் இருப்பதற்குக் காரணம் அதில் கரைந்துள்ள இருகாபனேற்றும் காபனேற்றும். உவர்ப்புச் சுவை தரும் உப்பு அல்ல. நாக்கை நம்பாமல் பாசிச்சாயத்தாளை (அமிலத்தில் நீலத்தாள் சிவக்கும், மூலத்தில் சிவப்புத்தாள் நீலமாகும்) நம்புங்கள், அதுவும் சிவப்பு, நீலம் இரண்டையும். நீலத்தாள் மாறவில்லை என்பதால் மட்டும் மூலம் என்று எழுதக்கூடாது. வெறும் நீரிலும் அது மாறாது.

வீட்டுக்கும் சொல்லியாக வேண்டும். கழிவறை கழுவும் அசிற்றோடு குளோரின் தூளையோ வெளிற்றும் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரீன் வாயு கிளம்பும், சின்னக் குளியலறையில் அது உயிராபத்து. பற்றரி அசிற்றை ஐதாக்குவதென்றால் தண்ணீருக்குள் அசிற்றைச் சிறிது சிறிதாக விடவேண்டும். மாறிச் செய்தால் வெப்பத்தில் கொதித்துத் தெறிக்கும். கையில் பட்டுவிட்டால் சுண்ணாம்போ அப்பச்சோடாவோ பூசவேண்டாம். ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது பிடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.