ஆற்றோரக் காட்டுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மாயாறு நீலகிரியில் இருந்து இறங்கி, முதுமலையைக் கடந்து, ஆழமான பள்ளத்தாக்கு வழியாக பவானிசாகர் அணைக்குப் போய்ச் சேர்கிறது. பள்ளத்தாக்கின் பெரும்பகுதி வறண்ட முள்காடு. ஆற்றை ஒட்டி மட்டும் நீர்மருது, புங்கன், நாவல், அத்தி என்று பெரிய மரங்கள் நெருங்கி நிற்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரிக் கரையும் இப்படித்தான். பிப்ரவரி தொடங்கி மே வரை காட்டுக்குள் இருக்கும் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றும். அப்போது யானை, காட்டு மாடு, புள்ளிமான், சிறுத்தை எல்லாம் தண்ணீருக்கு இந்தக் கரைக்கே வந்தாக வேண்டும். கோடை விடுமுறை என்று நாமும் அதே கரைக்குத்தான் போகிறோம். இந்த ஒரு விஷயத்தை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, கரையில் வசதியான இடம் பார்த்து உட்கார்ந்துவிடுவது. செங்குத்தான கரையில் ஓரிடத்தில் மட்டும் மண் சரிந்து, புதர் இல்லாமல், தண்ணீருக்கு இறங்க வாகாக இருக்கும். பல இடங்களில் அது யானைகள் ஆண்டுக்கணக்கில் நடந்து நடந்து உண்டான வழி. அங்கே பாயை விரித்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால், குட்டிகளோடு வரும் கூட்டம் நம் வாசனையையும் சத்தத்தையும் உணர்ந்து புதருக்குள்ளேயே நின்றுவிடும். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். நாம் கிளம்பும்வரை அது தாகத்தோடு காத்திருக்கும். நம் கண்ணில் படாததால், யாரையும் தொந்தரவு செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

யானை சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்று நம்புவதும் ஆபத்து. மெத்தென்ற பாதம் அதற்கு. மர நிழல் அடர்ந்த கரையில் அது சில அடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. கிளை முறியும் ஓசை, ஈரம் காயாத லத்தி, புதிதாகக் கலங்கிய தண்ணீர் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். யானைக்கும் தண்ணீருக்கும் நடுவிலோ, தாய்க்கும் குட்டிக்கும் நடுவிலோ ஒருபோதும் நிற்கக் கூடாது. மேய்வதை நிறுத்தி, காதை விரித்து, அசையாமல் நம்மையே பார்த்தால் அது எச்சரிக்கை. வண்டியில் இருந்தால் ஹாரன், ஃபிளாஷ் எதுவும் வேண்டாம்; மெதுவாகப் பின்னால் எடுங்கள். அந்த நேரத்தில் செல்ஃபிக்காகக் கதவைத் திறந்து இறங்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

அடுத்தது ஆறு. இங்கே வெயில் கொளுத்துகிறதே, தண்ணீர் முழங்கால் அளவுதானே என்று இறங்குவார்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. மேலே நீலகிரியில் மழை கொட்டினாலோ, பைக்காரா அணையில் தண்ணீர் திறந்தாலோ, ஒரு சொட்டு மழை பெய்யாத இடத்தில்கூட வெள்ளம் வந்துவிடும். பரிசலில் ஆற்றைக் கடக்கும் தெங்குமரஹாடா மக்களுக்கு இது நன்றாகவே தெரியும். காவிரியிலும் அப்படித்தான். கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளில் திறக்கும் தண்ணீர் ஒகேனக்கலுக்கு வந்து சேரும்போது பரிசல் ஓட்டத் தடை போடுவார்கள். அந்தத் தடையை மீறுவதற்கு ஆள் பிடித்துப் பேரம் பேசாதீர்கள்.

முதலை பற்றியும் சொல்ல வேண்டும். காவிரி, மாயாறு, அமராவதி மூன்றிலும் முதலைகள் உண்டு. பாறை மேல் வாயைப் பிளந்து கிடப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். அது உடல் சூட்டைச் சரிசெய்துகொள்கிறது, அவ்வளவுதான். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத முதலையிடம் இருக்கிறது. கரையோரம் குனிந்து கை கழுவுவது, பாத்திரம் துலக்குவது, குழந்தையைத் தண்ணீர் விளிம்பில் விளையாட விடுவது எல்லாம் தவறு. கோடையில் முதலை மணலில் குழி பறித்து முட்டையிட்டுக் காவல் காக்கும். ஆற்று ஆலா போன்ற பறவைகளும் அதே சமயத்தில் மணல் திட்டுகளில் முட்டையிடும். மணல் நிறத்திலேயே இருப்பதால், காலுக்குக் கீழே முட்டை இருப்பது தெரியாமல் மிதித்துவிடுவோம். அதனால் மணல் திட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

புலியைப் பார்க்கவில்லை என்று முகம் வாடித் திரும்புகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆற்றோரக் காட்டின் அருமை பாதி மரத்தின் மேலே இருக்கிறது. சாம்பல் நிற மலை அணில் கிளை விட்டுக் கிளை தாவியே வாழும்; தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளைகள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும் இந்தக் கரை மரங்கள்தான் அதற்குப் பாதை. சின்னாறு, ஸ்ரீவில்லிபுத்தூர், காவிரிக் கரை என்று சில இடங்களிலேயே அது மிஞ்சியிருக்கிறது. மந்திகள் உச்சியில் தின்றுகொண்டே இலையும் காயும் உதிர்க்கும், கீழே புள்ளிமான்கள் அதைப் பொறுக்கும். மேலே இருக்கும் மந்தி சிறுத்தையைக் கண்டால் குரல் கொடுத்து எச்சரிக்கும். பாட்டுப் பெட்டி அலறினால் இதெல்லாம் நம் காதில் விழாது. ஆற்றில் நீர்நாய்கள் கூட்டமாக மீன் விரட்டுவதைக் காணவும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பொறுமை வேண்டும். கண்ட இடத்தைப் பெயரோடும் வரைபடத்தோடும் இணையத்தில் போட்டால் அடுத்த வாரமே அங்கே கூட்டம் கூடிவிடும். படத்தைப் போடுங்கள், இடத்தைச் சொல்லாதீர்கள்.

குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள். வண்டிகளுக்காகச் சாலையோரம் காத்திருக்கப் பழகி அடிபட்டுச் சாவது அவைதான். சோப்பு, ஷாம்பு போட்டு ஆற்றில் குளிக்காதீர்கள். பாட்டில்களைக் கொண்டு போகாதீர்கள். உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழித்தால் அந்தப் புண் ஆறுவது கடினம்.

"நாங்க சின்ன வயசுல இருந்தே இங்கதான் குளிக்கிறோம்" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. காவிரி வடக்கு சரணாலயம் 2014-லும், காவிரி தெற்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. முன்பு நினைத்தபோது போய்வந்த கரைகள் சில இப்போது சரணாலயத்துக்குள் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் நுழைவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இரவில் ஜீப்பில் விலங்கு காட்டுகிறேன் என்று அழைக்கும் தனியார் பயணங்களும் சட்டவிரோதம்தான், பணம் கொடுத்து ஏறாதீர்கள்.

கோடையில் காட்டுத்தீ அபாயம் கூடினால் வனத்துறை சுற்றுலாவை நிறுத்திவைப்பது உண்டு. அதனால் கிளம்பும் முன் அந்த வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, திறந்திருக்கிறதா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். போன பிறகு வேட்டைத் தடுப்புக் காவலர் "இதுக்கு மேல வேண்டாம், திரும்பிடலாம்" என்றால், சரி என்று அப்படியே திரும்பிவிடுங்கள். காலையில் அந்தத் தடத்தில் என்ன நடமாடியது என்பது அவருக்குத் தெரியும்.