கால் செய்தே பழகியவரிடம் பிளஃப் வேண்டாம்: குறைந்த தொகை போக்கரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்லைன் போக்கரில் குறைந்த தொகை மேசையில் உட்கார்ந்தால் ஒரு வகை ஆட்டக்காரரைச் சந்திக்காமல் இருக்க முடியாது. கையில் எந்த இரண்டு சீட்டு வந்தாலும் ஃப்ளாப் (எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டுகள்) பார்த்துவிடுவார். ஏதாவது ஒரு ஜோடி சேர்ந்தால் போதும், ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) வரை விடமாட்டார். அவர் ரெய்ஸ் செய்வதே (தொகையை உயர்த்துவதே) அபூர்வம், ஃபோல்ட் செய்வது (கையை விட்டுவிடுவது) அதைவிட அபூர்வம். எப்போதும் கால் (எதிராளி வைத்த தொகைக்குச் சமமாக வைப்பது) செய்வதால் ‘காலிங் ஸ்டேஷன்’ என்று கேலியாகச் சொல்வார்கள். கேலி செய்பவர்களில் பலர் இவரிடம்தான் பணத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் ஏஸ்-கிங். ரெய்ஸ் செய்கிறீர்கள், பிக் பிளைண்டில் (சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயத் தொகை வைக்கும் இடம்) இருக்கும் நம்மவர் கால் செய்கிறார். பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், சுமார் 7 பிக் பிளைண்ட் (அந்தக் கட்டாயத் தொகையின் 7 மடங்கு). ஃப்ளாப் குயின்-8-5, மூன்றும் வேறு வேறு சூட். நீங்கள் 4 வைக்கிறீர்கள், கால். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) 3 வருகிறது. 10 வைக்கிறீர்கள், மறுபடி கால். ரிவரில் இன்னொரு 3. பாட் இப்போது 35. உங்களிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, ஆனாலும் நல்ல கை இருப்பதுபோல் காட்டி விரட்ட (இதுதான் பிளஃப்) 25 வைக்கிறீர்கள். கொஞ்சமும் யோசிக்காமல் கால் செய்து 8-6 காட்டுகிறார்.

யோசித்து ஆடுபவராக இருந்தால், மூன்று சுற்றும் விடாமல் அடிக்கிறாரே, ஏஸ்-குயின் இருக்கும் என்று பயந்திருப்பார். இவருக்கு அந்தக் கணக்கே இல்லை. உங்கள் கையில் என்ன இருக்கும் என்ற கேள்வியே அவர் மனதில் எழுவதில்லை. ‘எனக்கு ஜோடி இருக்கு’, அவ்வளவுதான். நீங்கள் அழகாகக் கதை சொல்லலாம், கேட்க ஆள் இல்லை.

எண்களில் பார்த்தால், 35 பாட்டை வெல்ல 25 வைத்தால் 100 தடவைக்கு 42 தடவையாவது அவர் ஃபோல்ட் செய்ய வேண்டும். அப்போதுதான் கைக்காசு போகாமல் தப்பும். பாட்டில் பாதி வைத்தால் 33 தடவை, முழு பாட் அளவு வைத்தால் 50 தடவை. இந்த ரிவரில் இவர் எதை ஃபோல்ட் செய்வார்? 7-6, ஜாக்-10 மாதிரி சேராமல் போன டிராக்களை (இன்னொரு சீட்டு வந்தால் மட்டுமே பெரிதாகும் கைகளை). அவற்றை உங்கள் ஏஸ்-கிங் ஏற்கெனவே ஜெயிக்கிறது! தோற்கும் கையை மட்டும் விரட்டிவிட்டு, ஜெயிக்கும் கையிடம் 25 கொடுக்கிறீர்கள். ‘செக்’ (எதுவும் வைக்காமல் கடத்துவது) சொல்லியிருந்தால் அந்த டிராக்களிடம் பாட்டையும் வென்றிருக்கலாம், 8-6-இடம் கூடுதல் நஷ்டத்தையும் தவிர்த்திருக்கலாம்.

ஒரு தடவை கால் வாங்கியதும் ‘அடுத்ததில் பெரிசா வைத்தால் பயந்துவிடுவார்’ என்று தொகையைக் கூட்டுவதும் இதே ரகம்தான். இவர் பார்ப்பது தன் கையை, தொகையை அல்ல. இந்தக் குணத்தை உங்களுக்குச் சாதகமாகத் திருப்பலாம். உண்மையிலேயே நல்ல கை வரும்போது வழக்கத்தைவிடப் பெரிதாக வையுங்கள். ஏஸ்-குயினோடு அதே ஃப்ளாப் வந்தால் மூன்று சுற்றிலும் தாராளமாகக் கேட்கலாம், 8-6 கொடுத்துக்கொண்டே இருக்கும். குயின்-ஜாக் போன்ற நடுத்தரக் கையோடு ரிவரில் தயங்கி ‘செக்’ செய்வதுதான் என் பார்வையில் இந்த மேசைகளில் நடக்கும் பெரிய நஷ்டம். கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் என்பதால் யாரும் வருத்தப்படுவதில்லை. கடைசி சுற்றில், அவர் கால் செய்யும் தருணங்களில் பாதிக்கு மேல் நீங்கள் முன்னால் இருந்தால் பெட் (பந்தயம்) லாபம்தான்.

டிரா கையிலிருக்கும்போது ஆல்-இன் (இருக்கும் பணம் முழுவதையும் வைப்பது) போவதும் அடிக்கடி பார்க்கிற தவறு. ஃப்ளாப்பில் ஃப்ளஷ் டிரா (ஒரே சூட்டில் ஐந்து சேர இன்னும் ஒன்று வேண்டிய நிலை) இருந்தால் மிச்சம் 9 சீட்டுகள் உதவும். டர்ன், ரிவர் இரண்டும் பார்த்தால் 35 சதவீதம், ஒரு சீட்டுக்கு மட்டும் என்றால் 19 சதவீதம்தான். சேர்வதற்கு முன்பே அவர் ஃபோல்ட் செய்து பாட் கிடைக்கலாம் என்பதுதான் இந்த அடியின் பாதி பலம். இவரிடம் அந்தப் பாதி கிட்டத்தட்ட இல்லை. மலிவாகப் பாருங்கள், சேர்ந்ததும் பெரிதாகக் கேளுங்கள்.

பலர் பாட்டில் இருக்கும்போது நிலைமை இன்னும் மோசம். மூன்று பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் 60 சதவீதம் ஃபோல்ட் செய்பவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மூவரும் சேர்ந்து ஃபோல்ட் செய்வது சுமார் 22 சதவீதம். பாதி பாட் பிளஃபுக்குக் கூட அது போதாது.

அப்புறம், ‘ஒரு மணி நேரமாக நல்ல கை மட்டும் ஆடியிருக்கிறேன், இப்போது பிளஃப் செய்தால் நம்புவார்’ என்ற எண்ணம். அவர் உங்களைக் கவனிக்கவே இல்லை, நாலு மேசையில் ஆடிக்கொண்டோ டிவி பார்த்துக்கொண்டோ இருக்கலாம். தோற்றதும் சாட்டில் ‘இதை வைத்தா கால் செய்தாய்?’ என்று பாடம் எடுப்பது இன்னும் வேடிக்கை. அவர் கோபித்து எழுந்து போனாலும், திருந்தி நன்றாக ஆடினாலும் நஷ்டம் உங்களுக்கே.

இப்படிப்பட்டவர் திடீரென்று டர்னிலோ ரிவரிலோ ரெய்ஸ் செய்தால் என்ன செய்வது? பெரும்பாலும் ஃபோல்ட் செய்யுங்கள், ஒற்றை ஜோடி ஏஸாகவே இருந்தாலும் சரி. நாள் முழுக்கக் கால் மட்டும் செய்பவர் கை சும்மா இருந்தால் ரெய்ஸ் பட்டனைத் தொடமாட்டார்.

சரி, அப்படியானால் பிளஃபே கூடாதா? அதுவும் தவறு. நிறைய கைகள் ஆடுகிற எல்லோரும் காலிங் ஸ்டேஷன் இல்லை. ஜோடி இல்லாத இரண்டு சீட்டுகளோடு ஃப்ளாப் பார்த்தால் மூன்றில் இரண்டு தடவை ஜோடி சேராது. அப்போது சட்டென்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அவர்களிடம், எதிரில் ஒருவர் மட்டும் இருக்கும்போது, ஃப்ளாப்பில் ஒரு சின்ன பெட் நன்றாகவே வேலை செய்யும். ஃப்ளாப்பில் கால் செய்து டர்னில் விடுகிறவர்களிடம் இரண்டாவது பெட்டும் வைக்கலாம். இருவரையும் பிரித்தறிய ஷோடவுனில் (கடைசியில் சீட்டுகளைத் திறந்து காட்டும்போது) என்ன காட்டினார் என்று பாருங்கள். மூன்று பெட்டுக்குப் பிறகு மூன்றாவது ஜோடியையோ (பொதுச் சீட்டுகளில் மூன்றாவது பெரியதோடு சேர்ந்தது) வெறும் ஏஸையோ காட்டினால், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிறக் குறி போட்டுவிடுங்கள். அந்தக் குறி தெரிகிற மேசையில் ரிவர் பிளஃப் கிடையாது.