யு-பூட்: மெமரி கார்டில் எழுதும் முன் ஒரு சோதனை

பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் போர்டுக்கு, அதைத் தொடங்கிவைக்கும் யு-பூட் நிரலை உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்கிறீர்களா? 'கிராஸ் கம்பைல்' மாறியில், வேறு வகைச் செயலிக்காகக் கம்பைல் செய்யும் கருவிப் பெயரின் முன்னொட்டைக் கடைசிச் சிறுகோட்டுடன் கொடுங்கள். அந்தக் கோடு விட்டுப்போனால் 'ஜிசிசி' என்ற கம்பைலர் பெயர் முன்னொட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியொரு கம்பைலரே இல்லை என்று, கம்பைல் வேலையை நடத்தும் 'மேக்' கட்டளை நின்றுவிடும்.

முடிந்ததும் நீட்சிப்பெயர் இல்லாத 'யு-பூட்' கோப்பின் மீது 'ஃபைல்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 32 பிட் எல்ஃப் (நிரல் கோப்பின் வடிவம்), ஆர்ம் (போர்டின் செயலி வகை) என்று வர வேண்டும். எக்ஸ்86 (வழக்கமான கணினிகளின் செயலி வகை) என்று வந்தால் உங்கள் கணினியின் கம்பைலரே வேலை செய்திருக்கிறது. சுத்தம் செய்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

'யு-பூட்.பின்' கோப்புக்கு வெறும் 'டேட்டா' என்று வந்தால் பதற வேண்டாம். எல்ஃப் தலைப்பை நீக்கிய வெற்றுப் படிமம் அது. கார்டில் எல்ஃப் கோப்பை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். இந்தப் போர்டின் சிப்பிலேயே பதிந்திருக்கும் ரோம் நிரல் முதலில் தேடுவது 'எம்எல்ஓ' என்ற முதல் கட்டத் தொடக்க நிரலை. அது ஏறிய பிறகு, அந்த 'எம்எல்ஓ'வே 'யு-பூட்.ஐஎம்ஜி'யை எடுத்துக்கொள்ளும்.